நந்தன் நின்ற வாசல்

இசைநாடக மெட்டு பின்னாளில் மக்கள் பாட்டாவது உலகெங்கும் உள்ள வழக்கமே. இத்தாலியரான புச்சினியின் ‘லா போயெம்’ 1896இல் அரங்கேறியது. அதில் தன் அழகைத் தானே மெச்சிக்கொள்ளும் ஒருத்தி பாடும் மெட்டு, 1959இல் அமெரிக்கப் பாடகி டெல்லா ரீஸ் குரலில் உருக்கமான காதல் பாட்டாக இசைத்தட்டில் வந்து புகழ்பெற்றது. மெட்டு நின்றது, சொல் மாறிற்று.

தமிழில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’. சேக்கிழார் 37 பாடல்களில் சொன்ன திருநாளைப்போவார் வரலாற்றைப் பாரதியார் இசைநாடகமாக விரித்தார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரை நந்தனின் பண்ணை முதலாளியாகப் படைத்தார். கீர்த்தனைகளுக்கிடையே நொண்டிச்சிந்தும் தண்டகமும் அமைத்தார்.

இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிச் சென்றபோது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இலக்கண வழுக்களைக் கண்டு தயங்கினார். பின்னர்ப் பாரதியார் பாடக் கேட்டு மனமுருகிப் பாயிரம் அளித்தார். உ.வே.சாமிநாதையர் எழுதி வைத்துள்ள இச்செய்தி, யாப்பறிந்த கவிஞர்கள் அனைவரும் நினைவிற்கொள்ள வேண்டியது. 1860களின் தொடக்கத்தில் நூல் அச்சேறியது. கதாகாலட்சேபத்தின் வழியே பாட்டுகள் ஊர்தோறும் பரவின.

பிறகு திரைப்படம் வந்தது. 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். 1942இல் ஜெமினியின் ‘நந்தனா’ரில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் நடித்துப் பாடினார். பாபநாசம் சிவன் முதலியோரின் புதிய பாடல்களோடு, பாரதியாரின் ‘ஐயே மெத்த கடின’மும் அவர் குரலில் வீடுதோறும் ஒலித்தது.

இவ்விரு படங்களுக்கும் இடையில், 1939 ஜூலை 8 அன்று, அ.வைத்தியநாதய்யர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றனர். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல்தான். அதாவது, தேசிகரின் இசைத்தட்டு சுழன்ற பல தெருக்களில் நந்தனின் வழிவந்தோர் நடக்கவும் இயலாத காலம் அது. பாட்டுக்குத் திறந்த கதவு பாட்டுக்குரியவனுக்குத் திறக்கவில்லை.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. புச்சினியின் மெட்டு தன் சொல்லை இழந்து பயணம் செய்தது. நந்தன் பாட்டு சொல்லோடு வந்தது. மாஞ்சி இராகத்தில் ‘வருகலாமோ’ பாடப்படும்போது நாம் இராகத்தின் இனிமையில் தலையசைக்கிறோம். உள்ளே வர அனுமதி கேட்டு ஒருவன் வெளியே நிற்கிறான் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆடி மாதத்தில் வேப்பிலை உடுத்திப் பவானியம்மன் சந்நிதிக்கு மக்கள் திரண்டு வரும் இப்பெரியபாளையத்தில் இருந்து கவிதை செய்யும் நமக்கு அந்தக் கேள்வி அயலானதன்று. மெட்டைப் போற்றுவோம், கேள்வியையும் கேட்போம்.