தராசும் தட்டும்

தமிழகத்தில் குழந்தைகளின் பசி என்றதும் 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமே நினைவுக்கு வரும். ஆனால் மையத்துக்கு நடந்துவர முடியாத கைக்குழந்தையின் பசியை அதற்கு ஈராண்டு முன்பே ஒரு தராசு கண்டுகொண்டது. உலக வங்கிக் கடனுதவியுடன் 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டார்கள். எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்குக் கூடுதல் உணவும், தாய்க்கு ஆலோசனையும் கிடைத்தன.

ஏழைப் பிள்ளைகளுள் சிலருக்கு மட்டும் உணவு தருவது அநீதியல்லவா என்ற கேள்வி நியாயமானதே. வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் சோறு என்ற சத்துணவுக் கொள்கையே அதற்கு விடை. ஆயினும் தட்டு நிரம்பினாலும், வயிற்றுப்போக்கு குழந்தையை மெலியவைக்கும். அதை முன்கூட்டிச் சொல்வது தராசுதான். இரண்டில் எதைக் கைவிட்டாலும் இழப்பு பிள்ளைக்கே.