பெயரே குற்றமான போது

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் கிறிஸ்தவர்களை 'வேதக்காரர்' என்று குறிப்பிடுகின்ற வழக்கம் உண்டு. பெரும்பாலும் அயலவர் வாயில் வழங்கும் பெயர் அது. கட்சிக்காரர், இயக்கக்காரர் என்பவற்றிலும் வரும் அந்தக் 'காரர்' என்ற விகுதி, ஒரு மனிதரை ஒரு கூட்டத்துக்குள் அடக்கி விடுகிறது. 'கிறிஸ்தவர்' என்ற சொல்லும் இதே விதமாகவே பிறந்தது என்பதும், அது பிறந்த சூழல் அகதிகளின் சூழல் என்பதும் எம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

புதிய ஏற்பாடு முழுவதிலும் இச்சொல் மூன்று தடவைகள் மட்டுமே வருகின்றது. பவுல் தம் நிருபங்களில் ஓரிடத்தில்தானும் இதனைப் பயன்படுத்தவில்லை. முதல் தலைமுறையினர் தம்மைச் சீடர், சகோதரர், பரிசுத்தவான்கள் என்றே அழைத்தனர்; தமது நெறியை 'மார்க்கம்' என்றனர். எதிர்த்தரப்பு வழக்குரைஞரான தெர்த்துல்லு அவர்களை 'நசரேயர்' என்றார்.

முதலாவது இடம் அப்போஸ்தலர் நடபடிகளின் 11ஆம் அதிகாரம். ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எருசலேமிலிருந்து சிதறியோடியவர்களுள் ஒரு பகுதியினர் அந்தியோகியாவை அடைகின்றனர். உரோமப் பேரரசின் சிரியா மாகாணத்தின் தலைநகர் அது. (இன்று துருக்கியிலுள்ள அந்தாக்கியா, 2023 பெப்ரவரிப் பூமியதிர்ச்சியில் பெரும் அழிவுக்குள்ளான நகரம்.) அங்கு சைப்பிரஸையும் சிரேனேயையும் சேர்ந்த சிலர் யூதரல்லாதோருடனும் பேசத் துணிந்தனர். யூதரும் கிரேக்கரும் ஒரே பந்தியில் அமர்ந்த இந்தக் கூட்டத்தை நகரத்தார் எந்தப் பழைய பெயராலும் அடையாளப்படுத்த முடியவில்லை. ஆகவே புதியதொரு பெயர் தேவைப்பட்டது.

அப்பெயரின் விகுதி இலத்தீன் வழிப்பட்டது. பொம்பேயின் பக்கம் நின்றோர் 'பொம்பேயானி', சீசரின் ஆட்கள் 'சீசரியானி'. அதே அச்சில் வார்க்கப்பட்டதே 'கிறிஸ்துவின் ஆட்கள்' என்னும் பொருள்படும் இச்சொல். எலியாஸ் பிக்கர்மன் 1949இல் எழுதிய கட்டுரையில், இது அவர்கள் தாமாகவே ஏற்றுக்கொண்ட பெயர் என வாதிட்டார். ஆயினும் அடுத்த இரு இடங்களையும் நோக்கும்போது வெளியார் வைத்த பெயர் என்பதே பொருந்துவதாக எனக்குப் படுகிறது. ஒன்று, கைதியாக நின்ற பவுலிடம் அகிரிப்பா மன்னன் பாதி கேலியாகக் கூறுவது. மற்றது பேதுருவின் முதலாம் நிருபம்: கொலைகாரனாகவோ திருடனாகவோ ஒருவனும் துன்பப்படலாகாது, கிறிஸ்தவனாகத் துன்பப்பட்டால் வெட்கப்படத் தேவையில்லை என்கிறது அது. வெட்கப்பட வேண்டாம் எனச் சொல்ல நேர்ந்ததெனில் அப்பெயர் வெட்கத்துக்குரியதாக வழங்கியது என்பதே பொருள். அந்நிருபம் யாருக்கு எழுதப்பட்டது? பொந்து, பித்தினியா முதலிய மாகாணங்களில் சிதறி வாழ்ந்த பரதேசிகளுக்கு.

அதே பொந்து-பித்தினியாவின் ஆளுநராகவிருந்த பிளினி, கி.பி. 112ஐ ஒட்டிப் பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்டனைக்குரியது அந்தப் பெயரா, அல்லது பெயரோடு சேர்ந்ததாகச் சொல்லப்படும் குற்றங்களா என்பதே அவரது கேள்வி. பதிலுக்குக் காத்திராமலே அவர் நடவடிக்கை எடுத்திருந்தார். நீ கிறிஸ்தவனா என மூன்று முறை கேட்பார். ஆம் என்று நிலைத்து நின்றோரைக் கொல்ல அனுப்பினார். பலரது பெயர்களைக் கொண்ட மொட்டைக் கடிதமொன்றும் அவர் கைக்கு வந்திருந்தது. இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் வரம்பு கடந்த மூடநம்பிக்கையைத் தவிர வேறெதையும் அவரால் கண்டறிய முடியவில்லை. திராயானின் பதில் சுருக்கமானது: தேடிப் பிடிக்க வேண்டாம், பிடிபட்டு நிரூபணமானால் தண்டிக்கலாம், தெய்வங்களை வணங்கினால் மன்னிக்கலாம், மொட்டைக் கடிதங்களை ஏற்கலாகாது. பெயர் மட்டுமே தண்டனைக்குக் காரணமாகலாமா என்று நூற்றாண்டின் நடுப்பகுதியில் யுஸ்தீன் பேரரசரிடம் எழுப்பிய கேள்வி இதன் தொடர்ச்சியே.

இதுவரை வரலாறு எமக்கு உவப்பானது. ஒடுக்கப்பட்டோர் இழிபெயரைத் தமதாக்கித் தலைநிமிர்ந்த கதை. ஆனால் அது இத்துடன் முடியவில்லை. 380இல் தியடோசியஸ் உள்ளிட்ட பேரரசர்கள் விடுத்த கட்டளை, குறிப்பிட்டதொரு விசுவாசத்தைக் கடைப்பிடிப்போருக்கு மட்டுமே 'கத்தோலிக்கக் கிறிஸ்தவர்' என்னும் பெயரை உரித்தாக்கியது. மற்றையோர் சித்தம் கெட்டவர்கள். 'பதிதர்' என்ற பழியைச் சுமக்க வேண்டியவர்கள். அவர்கள் கூடும் இடம் திருச்சபை என்ற பெயருக்கே உரியதல்ல. பெயரிடும் அதிகாரம் கைமாறியிருந்தது. சில ஆண்டுகளுக்குள், இன்று ஜெர்மனியிலுள்ள ரியர் நகரில், அவிலாவின் ஆயர் பிரிஸ்கில்லியன் சூனியக் குற்றச்சாட்டின் பேரில் தலை வெட்டப்பட்டார். வழக்குத் தொடுத்தோர் ஆயர்கள்; தீர்ப்பை நிறைவேற்றியவன் கிறிஸ்தவ அரசன். இரத்தம் சிந்தவேண்டாமென மன்றாடிய ரூர்ஸ் நகர ஆயர் மார்ட்டினும் கிறிஸ்தவரே.

ஆகவே வேதாகமத்தில் 'கிறிஸ்தவர்' எனப்படுவது உரிமைப் பத்திரமன்று. அடுத்தவர் சுமத்திய பெயரின் கீழ், கொலைக்கும் களவுக்கும் இடம்கொடாமல் நடந்து காட்டும் பொறுப்பையே அது குறித்தது. பெயருக்காகத் துன்பப்பட்டோர் என்ற நினைவு, பின்வந்தோர் பெயருக்காகப் பிறரைத் துன்புறுத்துவதைத் தடுத்துவிடவில்லை.

புகலிடத்தில் நாம் எமது அண்மைக்கால வரலாற்றைப் பேசும்போதும் இந்தப் படிப்பினை பொருந்தும். எமக்கு வெளியார் இட்ட பெயர்களைப் பற்றி நிறையவே எழுதிவிட்டோம். எமக்குள் 'துரோகி' எனப் பெயரிடப்பட்டோர் விடயத்தில், அவர்கள் செய்ததை விசாரித்தோமா, பெயரை மட்டும் விசாரித்தோமா? கொல்ல அனுப்பிய கையோடாவது, பிளினி அந்தக் கேள்வியை எழுதிக் கேட்டார்.