மண்டபம் கேம்ப்: போன வழியும் வந்த வழியும்

ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போனவர்கள் பாம்பன் பாலத்துக்கு முன்னால் 'மண்டபம் கேம்ப்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். மண்டபம் சரி, அது என்ன கேம்ப்?

போன மாதம் நம் எழுமலைப் பிள்ளைகள் சிலரை, எல்லாம் ஒன்பது, பத்தாவது படிப்பவர்கள், ஒரு வேனில் அங்கே கூட்டிப்போனோம். விடியுமுன் கிளம்பி உசிலம்பட்டி, மதுரை வழியாகப் போய், இரவே திரும்பிவிட்டோம். அமெரிக்காவில் யூதக் குடும்பத்துப் பிள்ளைகளை நியூயார்க் எல்லிஸ் தீவுக்கு அழைத்துப்போய், தாத்தா பாட்டி கப்பலில் வந்து இறங்கிய இடத்தைக் காட்டுவது வழக்கம். 1892 முதல் 1954 வரை ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் கடந்துபோன இடம் அது, இன்று அருங்காட்சியகம். நமக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. அருங்காட்சியகம்தான் இல்லை.

கண்டிச் சீமைக்கு நம் ஜனங்கள் போனது காப்பித் தோட்டக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கமிருந்து கங்காணி பின்னால் போனார்கள். தோணியில் மன்னார்க் கரை ஏறி, காட்டு வழியே மலைக்கு நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். 1876 தாது வருஷப் பஞ்சம் இன்னும் பலரை விரட்டியது. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகக் கூடவே போனது.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள். அதன் பிறகுதான் இலங்கை அரசு மண்டபத்தில் முகாம் நடத்தியது. தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே சில நாள் நிறுத்தி, அம்மை குத்தி, நோயில்லை என்று பார்த்து அனுப்புவார்கள். எந்தத் தோட்டம் என்பதற்கு எண் பொறித்த தகரத் துண்டுதான் அடையாளம். 1939இல் இந்திய அரசு தோட்டக் கூலிகள் போவதைத் தடை செய்தது.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மூன்று தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் போட்ட அதே வருஷம் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. ஆகவே திரும்பியவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். தங்கவைக்கப்பட்டது அதே மண்டபம் முகாமில். பாட்டன் போன வாசல் வழியாகவே பேரன் வந்தான். அங்கே 'இந்தியாக்காரன்' என்றார்கள். இங்கே வந்தால் 'சிலோன்காரன்' என்றோம்.

இன்று அந்த முகாமில் போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் வாழ்கிறார்கள். ஆகவே நாங்கள் உள்ளே போகவில்லை. மனிதர் குடியிருக்கும் இடத்தை வேடிக்கை பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லியிருந்தேன். ரயில் நிலையத்தில் நின்று கதையைச் சொன்னேன்.

ஒரு பெண் பிள்ளை மட்டும், "ஐயா, எங்க பாட்டியும் இந்த வழியாத்தான் வந்திருப்பாங்களா?" என்று கேட்டது.

"பாட்டிகிட்டயே கேளுத்தா" என்றேன்.

கேட்டிருக்கிறது. பாட்டி டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினாராம். அதுவரை வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு ஏச்சு விழும் என்று இத்தனை வருஷமும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

நம் பக்கத்துக் கிராமங்களில் இப்படித் திரும்பி வந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அநேகமாக எல்லாருக்கும் எழுபது தாண்டிவிட்டது. உங்கள் தெருவில் ஒருவர் இருந்தால், பேரன் பேத்தியை அனுப்பி, எந்தத் தோட்டம், எந்த வருஷம், எந்தக் கப்பல் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கும் காகிதத்தைக் கரையான் தின்னுமுன் படம் எடுத்து வையுங்கள்.