ஒரே கம்பியில் பல குரல்கள்

தோட்டத்துப் பெரட்டைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் குறைவு. விடியற்காலையில் கிராணி பெயரேட்டைத் திறப்பார். ஒரு பெயரைக் கூப்பிடுவார். அந்தப் பெயருக்குரியவர் மட்டும் பதில் சொல்வார். எல்லாரும் ஒரே சமயத்தில் குரல் கொடுத்தால் ஏட்டில் ஒன்றும் ஏறாது. தொழிற்சாலைக் கருவிகள் பலவும் இதே ஒழுங்கில்தான் பேசுகின்றன. அந்த ஒழுங்கின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

பினாங்குக்கும் கம்பிச் செய்திக்கும் உள்ள உறவு பழையது. சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் 1870-71ஆம் ஆண்டுகளில் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. அக்காலத் தரைவழித் தந்தியில் ஒரே கம்பியில் பல நிலையங்களை இணைப்பதும் உண்டு. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அழைப்புக் குறி. தன் குறியைக் கேட்ட நிலையம் மட்டுமே பதில் தரும். கம்பிக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தக் கண்ட வழி அது.

ஏறத்தாழ நூறாண்டுகள் சென்றன. 1969இல் ஜார்ஜ் டவுன் தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டியது. முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில், 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் தடையற்ற வாணிப வளாகம் தொடங்கியது. இன்டெல் முதலிய நிறுவனங்கள் வந்தன. தோட்டத் துண்டாடலால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் ஆலைக் கதவு திறந்தது.

ஆலைகளில் கருவிகள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் தனிக்கம்பி இழுத்தால் சுவரெங்கும் கம்பிதான். 1960இல் அமெரிக்காவில் வந்த ஆர்.எஸ். 232 முறை, இரண்டு கருவிகளை மட்டுமே இணைக்கும்; அதுவும் சுமார் 15 மீட்டருக்குள். 1979இல் மோடிகான் என்னும் அமெரிக்க நிறுவனம் மோட்பஸ் என்ற பேச்சு முறையை வெளியிட்டது. 1983இல் ஆர்.எஸ். 485 என்னும் மின்னிணைப்பு விதி வந்தது. இதன்படி ஒரே ஜோடிக் கம்பியில் 32 கருவிகளைக் கோக்கலாம். வேகம் குறைவாயின் 1,200 மீட்டர் வரை செல்லலாம்.

இதில் தலைமைக் கருவிதான் கிராணி. அது ஓர் எண்ணைக் கூப்பிடும். அந்த எண்ணுள்ள கருவி மட்டும் பதில் தரும். மோட்பஸில் 1 முதல் 247 வரை எண்கள் உண்டு. இரு கருவிகளுக்கு ஒரே எண் இட்டுவிட்டால், இரண்டும் சேர்ந்து பேசிச் செய்தி குழம்பிப்போகும். எல்லாக் கருவிகளிலும் பேச்சு வேகம் ஒன்றாக இருக்க வேண்டும்.

கம்பி போடுவதிலும் காரணங்கள் உண்டு. இரு கம்பிகளும் ஒன்றோடொன்று முறுக்கியிருக்கும். பக்கத்து மோட்டாரின் இரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் தாக்கும். கேட்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பார்ப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். மாலையில் பூக்கோப்பதுபோல் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குக் கம்பி செல்ல வேண்டும், கிளை பிரிக்கலாகாது. கோடியை அடைந்த மின்னலை, சுவரில் மோதிய நீரலைபோல் திரும்பி வரும். அதை விழுங்கத்தான் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை வைக்கிறார்கள். நடுவில் வைப்பதில்லை.

செம்பனை எண்ணெய் ஆலையை எண்ணிப் பாருங்கள். கொதிகலனின் நீராவி அழுத்தத்தைச் சொல்ல வேண்டிய கருவி ஊமையானால், கட்டுப்பாட்டு அறைக்குக் கண் தெரியாது. அருகில் நிற்பவர் நம் வீட்டுத் தகப்பனாகவோ தமையனாகவோ இருக்கலாம்.

ஆகவே பெற்றோர்களே, தொழிற்பயிற்சிக்குப் போகும் மகனோ மகளோ கம்பியை முடுக்கக் கற்றால் மட்டும் போதாது. ஏன் இரு கோடியிலும் தடை, ஏன் ஆளுக்கோர் எண் என்று கேட்கட்டும். காரணம் அறிந்தவருக்கே பழுதைக் கண்டுபிடிக்கும் வேலை கிடைக்கும். ஆலையில் மதிப்பும் கிடைக்கும்.