அடங்கலில் இல்லாத பயிர்

பூண்டி ஏரிக்கரை ஊன்றீஸ்வரர் கோயிலுக்குப் போனால் நந்தியைப் பாருங்கள், ஒரு கொம்பு உடைந்திருக்கும். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டிய சுந்தரருக்குக் கண் போயிற்று. தட்டுத் தடுமாறி இந்தத் திருவெண்பாக்கத்துக்கு வந்து, உள்ளே இருக்கிறீரா என்று கேட்டார். இருக்கிறோம், நீ போ என்று பதில் வந்ததாம். கூடவே ஓர் ஊன்றுகோல். கண்ணைக் கேட்டவருக்குக் கோல் கிடைத்தால் கோபம் வராதா? வீசி எறிந்தார், நந்தியின் கொம்பு போயிற்று.

ஆனால் இந்தக் கதை நடந்ததாகச் சொல்லும் இடம் கரையில் இல்லை, ஏரிக்குள் இருக்கிறது.

அந்த ஏரி வந்தது சென்னைப் பட்டணத்தின் தாகத்துக்காக. பட்டணத்துக்கு முதலில் ஏழுகிணறு இருந்தது. 1772இல் கோட்டைக்கு வடக்கே தோண்டியது. ஊர் தன் காலடித் தண்ணீரையே குடித்த காலம் அது. எங்கள் ஆற்றின் மேல் கை வைத்தது 1872இல். தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலைக்குக் குறுக்கே அணைக்கட்டு கட்டி, தண்ணீரைச் சோழவரத்துக்கும் அங்கிருந்து செங்குன்றத்துக்கும் திருப்பினார்கள். அதுவரை இரண்டுமே சிறிய பாசன ஏரிகள். செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கம் வரை திறந்த மண் கால்வாய். அதுவும் போதாமல் போனபோது, மேயராக இருந்த சத்தியமூர்த்தி பூண்டித் திட்டத்துக்கு முனைந்து நின்றார். யுத்த காலத்திலேயே வேலை நடந்து 1944இல் முடிந்தது. அவர் அதைப் பார்க்காமல் 1943இலேயே இறந்துபோனார். ஏரிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

கோயிலைப் பிரித்துக் கரைக்குக் கொண்டுவந்து மறுபடி கட்டிக் குடமுழுக்கு செய்தது 1968இல். ஏரி முடிந்து 24 வருஷம் கழித்து. சாமிக்கே அந்தக் கதி.

என் பாட்டி பிறந்த வீடு அந்த ஏரிக்குள்தான். மாட்டுவண்டியில் ஏற்றியவை போக, ஆட்டுக்கல்லைத் தரையிலிருந்து பெயர்க்க முடியாமல் குழவியை மட்டும் எடுத்து வந்தார்களாம். அது எங்கள் வீட்டுப் பின்கட்டில் கல் இல்லாமல் நின்றது. சின்ன வயதில் நாங்கள் அதற்கு மாலை போட்டுச் சாமி விளையாட்டு விளையாடியிருக்கிறோம். பட்டணத்துச் சொந்தக்காரர்கள் யாராவது வந்து தண்ணீர் கேட்டால் பாட்டி செம்பை நீட்டியபடி சொல்வாள்: "குடிங்க, உங்க ஊர்லயும் எங்க அம்மா வீட்டுத் தண்ணிதானே."

ஏரிக்கு அடுத்து, மண்ணுக்கு அடியில் தண்ணீர் தேடினார்கள். 1966இலிருந்து 1969 வரை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலைப் படுகை முழுவதையும் ஆராய்ந்தார்கள். பழைய ஆற்றுத்தடத்து மணலில் நல்ல தண்ணீர் நிறைய இருப்பது தெரிந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கத்தில் வரிசையாக ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. தண்ணீர் பட்டணத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் போயிற்று. மீஞ்சூர்ப் பக்கம் எடுத்த வேகத்தில், கடல் பத்துக் கிலோமீட்டர் தாண்டி நிலத்தடியில் உள்ளே வந்துவிட்டது. பின்னால் 2010இல், அதே மீஞ்சூர் பெயரில், காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறந்தார்கள். நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர். உப்பாகிப் போன கிணற்றுக்காரன் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வான்?

நான் 1984இல் கிராம நிர்வாக அலுவலராக வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று வருஷத்தில் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பட்டியலில் உள்ள கிராமத்தில் புதுக்கிணறு வெட்ட அனுமதி வேண்டும், தண்ணீரை லாரியில் ஏற்ற உரிமம் வேண்டும். சட்டத்தில் நான் குறை சொல்ல மாட்டேன், அது வந்திருக்கவே வேண்டியது. ஆனால் பட்டணத்துக்கு எத்தனை கோடி லிட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள், தண்ணீர் சுரக்கிற ஊருக்கு முதலில் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கணக்குப் போட்ட காகிதம் ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை.

2000த்தை ஒட்டி மழை ஏமாற்றிய வருஷங்களில், பட்டணத்துக்காக விவசாயிகளின் கிணற்றுத் தண்ணீரையே விலைக்கு வாங்கத் தொடங்கினார்கள். தனியார் லாரிகளும் வந்தன. நெல் போட்டால் உரக்கடன்தான் மிச்சம், மோட்டாரைப் போட்டால் கையில் பணம். விற்றவனை நான் திட்ட மாட்டேன், என் சொந்த அண்ணனே விற்றார். ஆனால் பணம் கிணறு வைத்திருந்தவனுக்கு. நாற்று நடப் போன பெண்களுக்கும் வாரத்துக்கு உழுதவனுக்கும் அதில் என்ன கிடைத்தது? காலையில் தூக்குவாளியோடு வரப்பில் போனவர்கள் செங்கல் சூளைக்கும் கம்பெனி வேனுக்கும் போனார்கள். பக்கத்தில் ஆழமில்லாத கிணறு வைத்திருந்த ஏழை, காசு எதுவும் பார்க்காமலே கிணறு வற்றி உட்கார்ந்தான்.

எனக்கு வந்த சிக்கல் அடங்கலில், அதாவது கிராமத்தின் பயிர்க் கணக்கில். சர்வே எண், பட்டாதாரர் பெயர், பாசன ஆதாரம், பயிர், விளைச்சல் என்று வருஷா வருஷம் எழுத வேண்டும். என் கிராமத்தில் தண்ணீர் விற்ற ஆறு கிணற்று நிலத்தில் மோட்டார் இரவும் பகலும் ஓடுகிறது, வரப்பில் லாரி நிற்கிற தடம் சேறாகிக் கிடக்கிறது, வயலில் ஒரு பயிர் இல்லை. ஆதாரத்தில் 'கிணறு' என்று எழுதினேன். பயிரில் என்ன எழுத?

வருஷாந்திரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் கணக்கைப் புரட்டிய அதிகாரி விரலை அந்த வரியில் வைத்தார்.

"கிணறு இருக்கு, சர்வீஸ் இருக்கு. ஏன்யா தரிசு?"

"தண்ணி விக்கிறாங்க ஐயா."

அவர் கொஞ்ச நேரம் பக்கத்தையே பார்த்தார். "அதுக்குக் காலம் இல்லையே," என்றார். அடங்கலின் கட்டத்தைத்தான் சொன்னார்.

"இல்லைங்க ஐயா."

"அப்ப தரிசுன்னே இருக்கட்டும்," என்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டு அடுத்த கிராமத்தைக் கூப்பிட்டார்.