மோட்டார் சைக்கிள் எஞ்சின் வலுவேற்றம்

தொழிற்சாலையிலிருந்து வந்த எஞ்சினின் உறுப்புகளைத் திருத்தியோ மாற்றியோ அதன் குதிரைத்திறனைக் கூட்டும் வேலை எஞ்சின் வலுவேற்றம் எனப்படும். சிலிண்டரின் கொள்ளளவைப் பெருக்கலாம், அழுத்த விகிதத்தை உயர்த்தலாம், அல்லது எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழல விடலாம். நாளாந்தம் ஓடும் வண்டிக்கு முதலாவதே ஏற்றது. மற்ற இரண்டும் பந்தயக்காரரின் வழிகள்.

வரலாறு

தமிழ் பேசும் நிலத்தில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு என்பீல்ட் புல்லட். சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ரோயல் என்பீல்டுடன் சேர்ந்து 1955இல் என்பீல்ட் இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் உருவான 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மிமீ, பிஸ்டன் ஓட்டம் 90 மிமீ, கொள்ளளவு 346 சிசி, திறன் ஏறத்தாழ 18 குதிரை. ஓட்டத்தைத் தொடாமல் விட்டத்தை மட்டும் 84 மிமீ ஆக்கினால் 499 சிசி. 87 ஆக்கினால் 535. அந்த 87 மிமீ அளவையே நிறுவனமும் 2013இல் கொண்டினென்டல் ஜிடி வண்டியில் கையாண்டது. அதன் திறன் ஏறத்தாழ 29 குதிரை.

ஓட்டம் நீளமான எஞ்சினை விரட்டுவது வீண் வேலை. நிமிடத்துக்கு 5,500 சுற்றில் 90 மிமீ ஓட்டமுள்ள பிஸ்டன் நொடிக்குச் சராசரி 16.5 மீற்றர் பாய்கிறது. ஓட்டம் 50 மிமீ மட்டுமேயான யமஹா ஆர்எக்ஸ் 100, 7,500 சுற்றிலும் 12.5 மீற்றரைத்தான் தொடுகிறது. பழைய புல்லட்டை முறுக்கியவர்கள் பலர் கனெக்டிங் ராட்டின் பிக் எண்ட் தேய்ந்து நின்றதற்குக் காரணம் இதுவே. கைவிடப்பட்ட விமான ஓடுதளமான சோழவரத்தில் நடந்த பந்தயங்களில் புல்லட்டுகளும் ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் திறக்கப்பட்டபின் சோழவரத்தின் காலம் முடிந்தது.

திட்டமிடல்

முதலில் உள்ள எஞ்சினின் நலத்தை அறிய வேண்டும். அழுத்தமானியில் வாசிப்பு குறைவாயிருந்தால் ரிங் அல்லது வால்வு தேய்ந்திருக்கலாம். அதன்மேல் வலுவேற்றுவது வீண்செலவு. தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் போர் எடுத்து, 0.25 மிமீ படிகளில் வரும் ஓவர்சைஸ் பிஸ்டனைப் போடுவது மெக்கானிக்குகளுக்குப் பழகிய வேலை. ஆனால் அது பழுது நீக்கலே. சிறிய எஞ்சினில் ஒரு மிமீ கூட்டினால் கொள்ளளவு நான்கைந்து சிசிதான் ஏறும். பெரிய பிஸ்டன் போட்டால் காபரேட்டர் ஜெட், ஒயில் ஓட்டம், கிளச் தட்டுகள், கடைசியில் பிரேக் எல்லாம் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஓடவிட்ட பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கலவை தெரியும்: காப்பி நிறம் நல்லது, வெள்ளை என்றால் பெற்றோல் போதாமல் பிஸ்டன் காய்கிறது. அழுத்த விகிதத்தை உயர்த்தினால் 92 ஒக்டேனை விட்டு 95க்குப் போக நேரும். முன் ஸ்புரொக்கெட்டில் ஒரு பல்லைக் குறைத்தால் இழுவை கூடும், குதிரைத்திறன் கூடாது. ஆயினும் சுமை ஏற்றுபவருக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

மட்டக்களப்பு வாவிப் பகுதியில்

இங்கு ஓடுபவை பெரும்பாலும் 100 முதல் 150 சிசி வரையான வண்டிகள். கடல் மட்டத்து அடர்ந்த காற்று எஞ்சினுக்குச் சாதகம். வெப்பமும் உப்புக் காற்றும் மணலும் பாதகம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் மண் வீதிகளில் திரிபவர் எந்த மேம்பாட்டுக்கும் முன் காற்று வடிகட்டியைக் கவனிக்க வேண்டும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை அந்தத் துறையில் மோட்டார் சைக்கிள்களும் ‘பாதை’ எனும் மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தன. இலங்கையின் 2022 எரிபொருள் நெருக்கடியில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் மட்டும் கிடைத்தபோது வலுவேற்றப் பேச்சு அடங்கியது. எஞ்சின் கொள்ளளவு பதிவுப் புத்தகத்தில் உள்ளதால், அது மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.