'ஓம்' சொல்வதற்கு முன்

எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மம்மாவின் சத்திரசிகிச்சைக்கு முதல் நாள், என்னென்ன ஆபத்துகள் வரலாம் என்று டொக்டர் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். நான் அம்மம்மாவிடம் சொன்னது ஒரே ஒரு வரி: "சின்ன ஒப்பரேசன்தானாம், பயப்பட வேண்டாமாம்." அவ "ஓம்" என்று கையெழுத்துப் போட்டா. எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனாலும் ஜோன் ரைபலின் வழக்கைப் படித்த நாளிலிருந்து அந்த ஒரு வரி என்னை உறுத்துகிறது.

ரைபல் ஒன்ராறியோவில் ஃபோர்ட் கார்த் தொழிற்சாலைத் தொழிலாளி. வயது 44. ஆங்கிலத்தில் அவருக்குச் சிரமம் இருந்தது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாய் ஒன்று ஒடுங்கிப்போயிருந்ததால், அதைச் சரிசெய்ய 1970 மார்ச் 18 அன்று சத்திரசிகிச்சை நடந்தது. தன்னுடைய தலையிடியும் இதோடு தீர்ந்துவிடும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். உண்மையில் தலையிடிக்கும் அந்தச் சிகிச்சைக்கும் தொடர்பில்லை. சத்திரசிகிச்சையின்போதோ அது முடிந்த உடனேயோ பாரிசவாதம் வந்து அவருடைய வலது பக்கம் செயலிழந்தது.

டொக்டர் ஹியூஸ் வேலையைப் பிழையாகச் செய்யவில்லை. பிரச்சினை அதற்கு முதல் நடந்த பேச்சில்தான். செய்யாமல் விடுவதைவிடச் செய்வது நல்லது என்று ரைபலுக்கு விளங்கியிருந்தது. சத்திரசிகிச்சையாலேயே பாரிசவாதம் வரலாம், உயிரே போகலாம் என்பது விளங்கவில்லை. இன்னும் ஏறக்குறைய ஒன்றரை வருடம் வேலை செய்திருந்தால் அவருக்கு ஓய்வூதிய உரிமை வந்திருக்கும். தெரிந்திருந்தால் அதுவரையாவது தள்ளிப்போட்டிருப்பேன் என்பது அவருடைய வாதம்.

விசாரணை நீதிபதி 225,000 டொலர் நட்டஈடு கொடுத்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணை கேட்டது. 1980 ஒக்டோபரில் கனடா உச்ச நீதிமன்றம் முதல் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதியரசர் போரா லாஸ்கின். (அவரும் குடியேறி வந்தவர்களின் பிள்ளைதான்.)

அனுமதி இல்லாமல் உடலில் கத்தி வைக்கக் கூடாது என்பது பழைய சட்டம். நியூயோர்க் நீதிமன்றம் 1914இலேயே அதைச் சொல்லிவிட்டது. லாஸ்கின் அதற்கும் மேலே போனார். எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை டொக்டர்மாரின் வழக்கம் மட்டும் தீர்மானிக்க முடியாது. இந்த நோயாளியின் நிலையில் இருக்கும் நியாயமான ஒருவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புவார் என்பதைப் பார்க்க வேண்டும். ரைபலின் ஓய்வூதியம் அப்படித்தான் ஒரு மருத்துவ வழக்குக்குள் வந்தது. அவருக்கு ஆங்கிலம் கடினம் என்பதால், விளங்கியதா என்று உறுதிசெய்யும் பொறுப்பும் டொக்டருக்கு இருந்தது. செயலிகளில் 'சம்மதம்' பொத்தானை வாசிக்காமலே அழுத்துகிறோமே, அந்தச் சம்மதம் இங்கே செல்லாது.

இங்கிலாந்து இந்த இடத்துக்கு வர 2015 வரை, அதாவது மொன்ற்கொமரி வழக்கு வரை, பிடித்தது. லண்டனில் இருக்கும் மச்சான்மார் கவனிக்க!

ஒன்ராறியோவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இதையெல்லாம் எழுத்தில் வைத்திருக்கிறது. கொடுத்த சம்மதத்தை எந்த நேரமும் திரும்பப் பெறலாம். சம்மதம் கொடுக்க வயது எல்லையும் இல்லை. விளங்கிக்கொள்ளும் ஆற்றல்தான் கணக்கு. பதினைந்து வயதில் இதை வாசிக்கிறவர்களுக்கு இது முக்கியமான செய்தி.

ஆனால் எங்கள் வீடுகளில் உரிமையைத் தட்டிப் பறிப்பது பெரும்பாலும் டொக்டர் இல்லை, நாங்கள்தான். "அவருக்குப் புற்றுநோய் என்று சொல்லிப்போடாதேங்கோ" என்று வாசலில் நின்று கெஞ்சுகிறோம். கேட்டதற்கு முழு உண்மையையும் சொல்லாமல் விடுகிறோம். அன்று நான் அம்மம்மாவுக்குச் செய்ததும் அதுதான், அன்போடு.

போன வருடம் அப்பாவின் முறை. நான் மொழிபெயர்க்க மறுத்து, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கினேன். அப்பாவுக்கு என்மேல் கொஞ்சம் கோபம். வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று டொக்டர் கேட்டபோது அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு, ஊரிலிருந்து வரும் மூலிகைத் தூளைப் பற்றிச் சொன்னார். எங்கள் யாருக்கும் அது தெரியாது. டொக்டர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு அப்பா கேட்டார்: "இதை மூன்று மாதம் பிந்திச் செய்தால் என்ன நடக்கும்?"

டொக்டர் கதிரையை அப்பாவின் பக்கம் இழுத்துப்போட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.